மேல்சரிவுக்கு நான் சுத்தி அடிக்கவில்லை

போன வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். புதுக் காக்கி, புது பூட்ஸ், கையில் சுருட்டிய வரைபடம். அமிர்திக்கு மேலே இருக்கும் பன்றிப்பள்ளத்துச் சரிவை என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ஒட்ட வெட்டிவிட்டு அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு எழட்டும் என்று விடுவதா, மரம் பார்த்துப் பொறுக்கி வெட்டுவதா, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நடுவதா? மேலதிகாரி முதல் வழியைத்தான் சொல்கிறார் என்றீர்கள். மேல்சரிவு மரங்கள் கிழடாகிவிட்டன, கரிக்கு நல்ல கிராக்கி, வெட்ட அனுமதிக்கும் முத்திரைச் சுத்தியைச் சீக்கிரம் அடித்து முடிக்கச் சொல்கிறார் என்றீர்கள். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு உங்களில் உயரமானவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல்சரிவு எல்லை மரங்கள்ல பழைய சுத்தி முத்திரை இருக்கு சார். உங்க காலத்துலயே வெட்ட முடிவு பண்ணதுதானே?"

நான் எழுந்து பள்ளிவாசலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கோபத்தில் பேசினால் எனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால்தான் போனேன். இப்போது கோபம் கொஞ்சம் கம்மி. அந்த முத்திரைகள் என்னுடையவை அல்ல. யாருடையவை, ஏன் அவற்றுக்குப் பின்னும் மரங்கள் நிற்கின்றன என்பதை எழுதுகிறேன். படித்த பிறகு உங்கள் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்றவன் எழுதினால் பணிவு, பொறுமை, விசுவாசம் என்று உபதேசம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பணிவாக இருந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள், போகட்டும். நான் ரேஞ்சராகச் சேர்ந்து ரேஞ்சராகவே இறங்கினேன். என் குரு யார் என்றும் உங்களில் ஒருவர் கேட்டார். எனக்குக் குரு கிடையாது. பன்றிப்பள்ளத்துக்கு எதிரே, வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைக் கரடு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பாடம் சொன்னது.

அந்தக் கரடும் ஒரு காலத்தில் கொன்னைக் காடாக இருந்தது. நான் வேலைக்கு வருவதற்கு முன்பே அதை வெட்டிவிட்டார்கள். கொன்னைப் பட்டை தோல் பதனிட உதவும். மழை விட்டு மரத்தில் சாறு ஏறியிருக்கும் சமயத்தில் பட்டை சுலபமாக உரியும். அந்தச் சமயம் பார்த்துத்தான் வெட்டினார்கள். மரத்தை நிற்க வைத்தே இடுப்பளவில் கீறி, அங்கிருந்து கீழே பிடித்து இழுப்பார்கள். பட்டை வேர் வரைக்கும் கிழிந்துகொண்டு வரும். அடிப்பட்டைதான் தடிப்பு, எடை நிற்கும் என்பதால் யாரும் அதை விடுவதில்லை. அதன் பிறகுதான் கோடாலி விழும். வெட்டிய கட்டையிலிருந்து துளிர் வர வேண்டுமானால் கட்டையின் மேல் பட்டை இருக்க வேண்டும். அம்மணமாக நிற்கும் கட்டை காய்ந்து செத்துவிடும். அப்படித்தான் ஒரு மலையே செத்தது. நம் பக்கத்துத் தோல் தொழிலில் மட்டும் நடக்கிற தப்பு இது. வேறு ஊர்க் காட்டுக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இனி பன்றிப்பள்ளம். கீழேயிருந்து பார்த்தால் ஒரே காடு மாதிரித் தெரியும், ஆனால் அது இரண்டு காடு. கீழ்ப்பாதியில் கொன்னையும் துரிஞ்சியும். முன்பே ஒரு வெட்டு கண்டு, கட்டையிலிருந்து திரும்ப எழுந்தவை, தொடை கனத்துக்கு இருந்தன. மேல்பாதியில் வேங்கை, மருது, கிழக் கொன்னை. இவை கோடாலியே பார்க்காதவை. இளங்கட்டையை வெட்டினால் துளிர்க்கும். கிழட்டுக் கட்டை துளிர்க்காது. கிழ மரம் தன் வம்சத்தை விதையில்தான் வைத்திருக்கிறது. விதை விழுந்து, முளைத்து, தாயின் நிழலிலேயே வளர்ந்து, இனி வெயிலைத் தாங்கும் என்று ஆன பிறகு தாயை எடுக்கலாம். முன்னால் எடுத்தால் இன்னொரு மொட்டைக் கரடுதான் மிஞ்சும். ஆகவே கீழ்ச்சரிவுக்கு மறுதாம்பு, அதுவும் தை, மாசியில் சாறு இறங்கிய பிறகு. மேல்சரிவில் பொறுக்கி எடுப்பது மட்டும். இப்படி நான் ஒரு திட்டம் போட்டேன். அப்போதிருந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, யுத்தம் வரும் வரைக்கும்.

பெரிய யுத்தம் வந்ததும் சிப்பாய்க்கு பூட்ஸும் குதிரைக்குச் சேணமும் வேண்டியிருந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் தோல் ஷாப்புகளில் தோல் மலையாகக் குவிந்தது. பதனிடப் பட்டை இல்லை. ஆவாரஞ்செடியை வேலியோரத்தில்கூட விட்டு வைக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பன்றிப்பள்ளத்தின் மேல் விழுந்தது. முதல் கண் என் மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் காதர். ஆம்பூரில் பட்டை மண்டி வைத்திருந்தார். காட்டுக் கூப்பை, அதாவது அந்த வருஷம் வெட்ட ஒதுக்கிய துண்டை, ஏலத்தில் குத்தகை எடுப்பார். பட்டையைத் தோல் ஷாப்புக்கும் கட்டையை ரயிலுக்கும் விற்பார். அந்த முறை பன்றிப்பள்ளத்துக் கீழ்ச்சரிவு அவருக்குத்தான் போயிருந்தது. ஏலம் விட்டது மேலிடம், ஆனால் ஊர் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தது. அதனாலேயே மற்றக் குத்தகைக்காரர்களிடம் காட்டுவதைவிட அவரிடம் ஒரு பிடி ஜாஸ்தியாகவே கறார் காட்டினேன்.

ஆடி மழை விட்டதும் ஒரு ஜட்கா வண்டி பிடித்து அமிர்திக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழம். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு வந்து சுத்தி அடிச்சிடு மாப்ளே. ஆளுங்கள கூட்டிக்கினு வந்துட்டேன்."

எல்லை மரங்களில் ரேஞ்சரின் முத்திரைச் சுத்தி பதியாமல் ஒரு கோடாலியும் விழக்கூடாது என்பது விதி. அந்தச் சுத்தி என் இடுப்பில் இருந்தது.

"தை மாசம் வாங்க மச்சான்" என்றேன்.

"தையா? இப்பதான் மரத்துல சாறு ஏறிக்கீது. புடிச்சி இழுத்தா பட்டை கழண்டுக்கினு வரும். தையில கொட்டாப்புளியால அடிச்சி அடிச்சித்தான் எடுக்கணும். ஆளுங்களுக்குத் தோளு பூடும். கூலி ஜாஸ்தி, பட்டை கம்மி. இன்னா பேஜாரு இது?"

"கழண்டு வருதுன்னு வேர் வரைக்கும் உரிப்பாங்க. கட்டை செத்துப்பூடும். எதிர்க்க கரடைப் பாத்துக்கினேதானே வந்தீங்க?"

"அது என் பாட்டன் காலத்துல செத்துது. அதுக்கு நானா ஜவாப்தாரி?"

"இது செத்தா நீங்கதான்."

"உன் பூட்ஸு எங்கேர்ந்து வந்துச்சின்னு ரோசனை பண்ணிப் பாரு மாப்ளே. பட்டை இல்லாட்டி நீ வெறுங்காலோடதான் காட்டுல நடக்கணும்."

"உங்களுக்கு ஆட்டுத் தோலும் வேணும், ஆடு துளிரை மேயாத காடும் வேணும். ரெண்டும் ஒரே வருசத்துல வேணும். தை மாசம் வாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் வண்டி ஏறினார். அப்போது எங்களுக்குள் சிரிப்பு இருந்தது.

சில நாளில் புது துரை வந்தார். திட்டத்துக்கு ஒத்துக்கொண்ட பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் குதிரையிலிருந்து இறங்காமலே உத்தரவைச் சொன்னார். கீழ்ச்சரிவு, மேல்சரிவு இரண்டையும் முழுதாக வெட்ட வேண்டும். இப்போதே வெட்ட வேண்டும். பருவம் பார்க்க வேண்டாம். யுத்தம் காத்திருக்காது, காடு காத்திருக்கும் என்றார்.

நான் அவரை வண்டிப்பாதைக்கு அழைத்துப்போய் மொட்டைக் கரட்டைக் காட்டினேன். இதுவும் இப்படித்தான் வெட்டப்பட்டது, இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். அவர் பார்த்துவிட்டு, அது ஏதோ பழைய வறட்சியில் போயிருக்கும் என்றார். வறட்சி பாதைக்கு அந்தப் பக்கம் மட்டும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்றா என்று கேட்டேன். ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவந்தது. அடுத்த முறை வரும்போது சுத்தி விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தி வேறொருவர் கையில் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது. மிரட்டல் எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளும்.

தூக்கம் கெட்டது அந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காக ஆம்பூர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். தோல் ஷாப்பில் பட்டை இடிக்கிறவர்கள். பட்டையை உலக்கையால் நசுக்கித் தூளாக்கினால்தான் குழியில் போட முடியும். அந்த வேலை அவர்களுடையது. கன்னியம்மா என்ற நடுத்தர வயதுப் பெண் முன்னால் நின்றாள். வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"இன்னா சாயபு, காட்டைப் பூட்டி வச்சிக்கினீங்களாமே?"

"பூட்டலம்மா. தை மாசம் பட்டை வரும்."

"தை வரைக்கும் அடுப்புல இன்னாத்த வக்கிறது? பட்டை வர்லேன்னா உலக்கைக்கு வேலை இல்ல. ஷாப்புக்காரர் கேட்டைச் சாத்திட்டார்."

"இப்ப வெட்டினா மரம் செத்துப்பூடும்மா."

"மரத்துக்கு நோவுதுன்றீங்க. சரி. எங்களுக்கு நோவாதா?"

கதவுத் திரைக்குப் பின்னால் என் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும், "துரைக்கு வாய் கிழியப் பதில் சொன்னீங்களாமே, அந்தப் பொம்பளைக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். துரை வந்து மிரட்டினார். கன்னியம்மா வந்து கேட்டாள். இரண்டும் ஒரே கோரிக்கைதான், பட்டை வேண்டும். ஆனால் மிரட்டுகிறவருக்கும் கேட்கிறவளுக்கும் ஒரே பதிலைச் சொல்கிறவன் ரேஞ்சராக இருக்க லாயக்கில்லாதவன். மிரட்டலுக்கு முதுகைக் காட்டலாம். நியாயமான கேள்விக்கு முதுகைக் காட்டக்கூடாது. காடு எனக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தில்லை.

மறுநாள் தனியாகச் சரிவில் ஏறினேன். மேலும் கீழும் நடந்தேன். எந்த முறை சரி என்று யோசிக்கவில்லை. அதெல்லாம் திட்டத்தில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எந்தத் தப்பை எந்தக் காடு தாங்கும் என்று யோசித்தேன். கீழ்ச்சரிவின் கட்டைகள் இளசு. பருவம் தப்பி வெட்டினால் துளிர் மெலிந்து வரும், ஆனால் வரும், கட்டையின் மேல் பட்டையை விட்டு வைத்தால். மேல்சரிவு எந்தப் பருவத்திலும் தாங்காது. ஒன்றில் நஷ்டம் திரும்பி வரும், இன்னொன்றில் வராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டையும் ஒரே உத்தரவில் சேர்த்து எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியாமல் போகிறது.

அடுத்த வாரமே கீழ்ச்சரிவு எல்லை மரங்களில் சுத்தி அடித்தேன். மச்சானுக்கு ஒரே நிபந்தனை போட்டேன். உரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்திலும் கணுக்கால் உயரத்தில் கத்தியால் சுற்றிலும் ஒரு வளையம் வெட்ட வேண்டும். மேலேயிருந்து கிழித்துக்கொண்டு வரும் பட்டை அந்த வளையத்தோடு நின்றுவிடும். வளையத்துக்குக் கீழே இருப்பது கட்டைக்குச் சொந்தம்.

"பட்டையில தடிப்பே அடியிலதான் கீது. அதைப் போய் வுடச் சொல்றியே" என்று கத்தினார் காதர்.

"அது கட்டையோட கோவணம் மச்சான். அதையும் அவுக்காதீங்க."

நான் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஓடைப் பக்கம் ஆட்கள் பழைய வழக்கப்படி ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். கொஞ்சம் கட்டைகள் வேர் வரைக்கும் வெள்ளையாக நின்றன. வேலையை நிறுத்தினேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று வளையம் போட வைத்த பிறகுதான் திரும்ப உரிக்க விட்டேன். மச்சான் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் வண்டி வண்டியாகப் பட்டை ஆம்பூருக்கு இறங்கியது. கன்னியம்மாவின் உலக்கைக்கு வேலை வந்தது.

துரை மறுபடி வந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. கீழே காலியான கூப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மேலே கையைக் காட்டி, அது எப்போது என்றார். அது வெட்டக்கூடாத காடு என்றேன். நான், துரை, காதர், நாலைந்து காவல் கார்டுகள், மரம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் கீழ்ச்சரிவில் நின்றிருந்தோம். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். அவர் மெதுவாக, உத்தரவை மறுக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்தில் மறுப்பாயா என்றார்.

நான் அவருடைய பென்சிலையே கேட்டு வாங்கினேன். அவருடைய காகிதத்திலேயே, 'மேல்சரிவை வெட்டினால் அது திரும்பி வராது, ஆகவே நான் சுத்தி அடிக்க மாட்டேன்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருடைய ஒரே மகன் அப்போது போர்முனையில் இருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பிள்ளையின் காலுக்கு பூட்ஸ் போய்ச் சேருமா என்ற கவலை அவருக்கு இருந்திருக்கும். அன்று அது தெரிந்திருந்தால் இன்னும் மரியாதையாகப் பேசியிருப்பேன். சுத்தி அடித்திருக்க மாட்டேன்.

எனக்கு வலித்தது துரையால் அல்ல, மச்சானால். பட்டையைப் பற்றி அந்த இடத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் அவர். துரை அவர் பக்கம் திரும்பி, குத்தகைதாரர் என்ன சொல்கிறார் என்று கேட்கவும் கேட்டார். நான் சொல்வது சரி என்று ஒரு வார்த்தை போதும். காதர் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க உத்தரவு எதுவோ அதும்படி துரை" என்றார். அதோடு எனக்கும் அவருக்கும் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த மாதமே என்னை அரக்கோணத்துக்குத் தூக்கினார்கள், ரயிலுக்கு விறகு அடுக்கும் டிப்போவுக்கு. ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் காட்டு உத்தியோகம். வெயில், புகை, வேகன் சத்தம். என் இடத்துக்கு வேறொரு ரேஞ்சர் போனார் என்றும், போன கையோடு மேல்சரிவுக்குச் சுத்தி அடித்துவிட்டார் என்றும் தகவல் வந்தது. நீங்கள் பார்த்த முத்திரைகள் அவருடையவை. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பிள்ளைகள் நிறைய.

மேற்கேயிருந்து வேகன் வரும்போதெல்லாம் ஏறிப் பார்ப்பேன். வேங்கைக் கட்டை வெட்டு வாயில் சிவப்பாக இருக்கும், மருதின் பட்டை முதலை முதுகு மாதிரி இருக்கும், தப்பாமல் தெரியும். அவை வந்திருக்கின்றனவா என்று தேடுவேன். வரவில்லை. வேறு டிப்போவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சாவு வீட்டில் பிணம் மட்டும் வந்து சேராத மாதிரி இருந்தன அந்த வருஷங்கள். காதரோடு பேசவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைத் தொடவில்லை. என் மனைவி அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். அதற்கும் நான் இறங்கி வரவில்லை.

யுத்தம் முடிந்தது. துரை ஊருக்குக் கப்பல் ஏறினார். புதிதாக வந்தவர் பழைய கோப்புகளையெல்லாம் புரட்டாமல் என்னை மறுபடி அமிர்திக்கே போட்டார். சேர்ந்த அன்றே பன்றிப்பள்ளத்துக்கு நடந்தேன். பார்க்கவே வேண்டாம் என்றும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கீழ்ச்சரிவில் வளையம் போட்ட கட்டை ஒவ்வொன்றிலும் மறுதாம்பு தலைக்கு மேலே எழுந்து கும்பலாக நின்றது. ஓடைப் பக்கம் முதல் நாள் வேர் வரை உரித்த கட்டைகள் மட்டும் மக்கிப் போய், உதைத்தால் உதிர்ந்தன. அதையும் தாண்டி ஏறினேன். மேல்சரிவு அப்படியே நின்றது.

அத்தனை மரமும் நின்றது. எல்லை மரங்களில் முத்திரை இருந்தது, வெட்டு இல்லை. வேங்கைக்கு அடியில், மருதுக்கு அடியில், புல்லோடு புல்லாகச் சின்னச் சின்னக் கன்றுகள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

கூட வந்த கார்டிடம் கேட்டேன். அவன் அந்த வருஷங்களில் அங்கேயே இருந்தவன்.

"சுத்தி அடிச்சாங்க சார். ஆனா குத்தகைக்கார பாய் மேல்பட்டை வேணாம்னுட்டார். கிழட்டுப் பட்டை தோலைக் கறுப்பாக்கிடும், பட்டாளத்துல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு துரைகிட்ட சொல்லிட்டார்."

"வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"கூப்பிட்டாங்க சார். ஆம்பூர்லேர்ந்து வந்த பட்டைக்காரங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. கறுப்பாக்கிடும், கறுப்பாக்கிடும்னு. எடுக்க ஆள் இல்லேன்னதும் துரை வுட்டுட்டார்."

அன்றைக்கே கிளம்பி ஆம்பூருக்குப் போனேன். காதர் மண்டியில் பட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து எழவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

"மேல்சரிவுப் பட்டை தோலைக் கறுப்பாக்குமா மச்சான்?" என்றேன்.

"எவன் சொன்னான்? அசல் பட்டை. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது."

"அப்பறம் ஏன் வேணாம்னீங்க?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "துரை கேக்கும்போது நான் தலையைக் குனிஞ்சிக்கினு நின்னேன் இல்ல? நான் பயந்துட்டேன்னு நீ நினைச்சே. நான் கட்டையைப் பாத்துக்கினு இருந்தேன். வளையம் போட்ட கட்டையில துளிரு விரல் நீட்டுக்கு வந்துக்கீது. காலையிலதான் ஓடைப் பக்கம் போய் வந்தேன். நம்ம ஆளுங்க உரிச்ச கட்டை ஒண்ணுல கூட ஒரு பொட்டு பச்சை இல்ல. கீழே நீ சொன்னது பலிச்சா மேலே சொன்னதும் பலிக்கும். நான் யாவாரி மாப்ளே. போட்ட முதலையே வித்துத் தின்னுட்டா நாளைக்கு மண்டியில இன்னாத்த வச்சிக்கினு குந்தறது?"

"அதை அங்கேயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா? மச்சானும் மாப்ளையும் சேந்துக்கினு நாடகம் ஆடறாங்கன்னு ரெண்டு பேரையும் தூக்கியிருப்பார். குத்தகை வேற எவனுக்காவது போயிருக்கும். அவன் மேல்சரிவுல ஏறியிருப்பான். நீ சண்டை போட்டே. நல்லாத்தான் போட்டே. சண்டை போட்டவன அரக்கோணம் அனுப்பிட்டாங்க. அப்பறம் காட்டுக்குப் பக்கத்துல யாராவது ஒருத்தன் இருக்க வேணாமா? கறுப்பாக்கிடும்னு மத்த பட்டைக்காரங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"இத்தன வருசம் ஒரு வார்த்தை சொல்லலியே மச்சான்."

"நீ எங்க பேசினே? பேசினாத்தானே சொல்றதுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அவர் கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தோம். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் மனைவி, "ரெண்டு பேருக்கும் ஒரே திமிரு" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெருநாளைக்கு அவர் வீட்டுச் சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மேல்சரிவுப் பட்டை வராததால் கன்னியம்மாவின் உலக்கை பிறகு எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு காட்டைக் காப்பாற்றினேன் என்று மார்தட்டுகிறவன் அதற்கு விலை கொடுத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை கொடுத்தது நான் மட்டும் அல்ல.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காதர் மவுத்தாகி மண்ணுக்குப் போய் நாளாகிறது. கப்பலில் வெளிநாட்டுப் பட்டை வந்து இறங்குகிறது, கொன்னைப் பட்டையை யாரும் தேடுவதில்லை. உங்களிடம் வருகிறவன் கரிக்காரன். அவனுக்கு வேங்கையும் ஒன்றுதான் வேலிமுள்ளும் ஒன்றுதான், எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆகவே நீங்கள் சுத்தி அடித்துவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் தப்பைத் தடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு பொய் நின்றது. உங்களுக்குப் பின்னால் ஒன்றும் நிற்கவில்லை.

எந்த முறை என்று கேட்டீர்கள். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மேலே ஏறுங்கள். ஒவ்வொரு கிழ மரத்துக்கும் அடியில் குனிந்து பாருங்கள். நான் அழுத அன்று புல்லோடு புல்லாக இருந்த கன்றுகள் சில இடங்களில் உங்கள் உயரத்தைத் தாண்டியிருக்கும். அங்கே தாய் மரத்தில் சுத்தியை அடியுங்கள், தாராளமாக அடியுங்கள், நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை. கன்று இல்லாத இடத்தில் சுத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே இறங்குங்கள். மேலதிகாரி எழுத்தில் கேட்டால் எழுத்தில் கொடுங்கள். பென்சில் அவருடையதாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய முத்திரை இருக்கிறதே என்று அவர் சொன்னால், அது எங்கள் சுத்தி இல்லை என்று சொல்லுங்கள்.

அரக்கோணத்துக்கு அனுப்பினால் போங்கள். வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி ஊர் ஒன்றும் மோசமில்லை. வேகன் வரும்போதெல்லாம் ஏறி ஒவ்வொரு கட்டையாகப் பாருங்கள். பன்றிப்பள்ளத்து வேங்கை அதில் வராத வரைக்கும் ராத்திரி வயிறாரச் சாப்பிடலாம்.